இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் "ரத்தம் கம்மியா இருக்காம்" என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும், அலமாரியிலிருந்து இரும்பு மாத்திரை இறங்கிவிடும். மகளுக்குப் பிரசவத்தின்போது கொடுத்ததில் மிச்சம் மாமனாருக்குப் போகும். கூடவே ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறவருக்கும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவருக்கும் இரும்பு சரியான மருந்துதான். ஆனால் அறுபதைத் தாண்டி, பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டு, கறி மீன் தொடாமல் இருக்கிற பெரியம்மாவுக்கு அதே மாத்திரையைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பார்ப்பது வீண் காத்திருப்பு. அவரிடம் குறைந்திருப்பது இரும்பு இல்லாமல் வைட்டமின் பி12 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மூன்று மாதத்தில் ரத்தத்தோடு நரம்பும் கெட்டுப்போகலாம்.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. ஒரு தாய்ச்செல் பிரிந்து பிரிந்து அணுக்களாக வேண்டும். பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும், அதற்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் வேண்டும். அந்த ஃபோலேட்டைப் பயன்படும் வடிவத்துக்குத் திருப்பிவிட பி12 வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் செல்லின் உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகும், உள்ளே இரட்டிப்பு நடக்காது. பாதி மஜ்ஜையிலேயே செத்துவிடும். தப்பி வெளியே வருபவை அளவில் பெரியவை, எண்ணிக்கையில் கொஞ்சம். இரும்புக் குறைவில் நேர் எதிர்: அணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். பி12 குறைந்தவருக்கு இரும்பு கொடுப்பது, கொத்தனார் இல்லாத இடத்தில் செங்கல்லை இறக்குவது மாதிரி.

ஃபோலேட்டைப் பற்றிய முதல் தடயம் கிடைத்ததே நம்மைப் போன்றவர்களிடம்தான். 1928 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு ஏன் இந்தப் பெரிய அணுச் சோகை வருகிறது என்று பார்த்தார். ரொட்டியில் தடவும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றியது. அதற்குள் இருந்தது ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. பி12 கதை தனி. 1926இல் மைனாட், மர்ஃபி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், சாவின் விளிம்பில் இருந்த சோகை நோயாளிகளுக்குத் தினமும் கிட்டத்தட்ட கால் கிலோ ஈரலைத் தின்னக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரலுக்குள் இருந்த அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1948 வரை ஆயிற்று.

இனி தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு சிக்கல். 2003 அக்டோபரிலிருந்து இங்கே விற்கும் கோதுமை மாவிலும் மீலி (மக்காச்சோள) மாவிலும் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் செயற்கை வடிவம்), இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, பி1, பி2, பி6, நியாசின் எல்லாம் கலக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம், முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் சுமார் 30 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். பி12 அதில் இல்லை. அரிசிக்கும் இந்தச் சட்டம் கிடையாது. காலையில் கடை ரொட்டி, மத்தியானம் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி), சாயங்காலம் மீலி மாவில் கிண்டிய புட்டு (ஜூலு மக்களின் புட்டு, குழாயில் வேகும் நம் புட்டு இல்லை) என்று சாப்பிடுகிறவருக்கு ஃபோலிக் அமிலம் தானாகச் சேர்ந்துவிடும். மூன்று வேளையும் சோறும் டோலும் (பருப்பும்) சாப்பிடுகிற வீட்டுக்கு அந்த உதவி குறைவு.

ஃபோலிக் அமிலம் மிதமிஞ்சிச் சேர்ந்தால், பி12 குறைந்தவரின் ரத்தம் ஓரளவு தேறிவிடும். அணுக்கள் அவ்வளவாகப் பெருக்காது, ஹீமோகுளோபின் ஒப்புக்கு நல்ல எண்ணைக் காட்டும். நரம்புக்கோ பி12 நேரடியாக வேண்டும், ஃபோலிக் அமிலம் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே "ரத்தம் நார்மல்" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டே கால் மரத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கிறதே என்று பெரியவர்கள் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராமைத் தாமாக வாங்கிப் போடுவதை நாங்கள் தடுப்பது இதனால்தான். பி12 பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் அதை முதலில் நிரப்பிவிட்டு, அப்புறம் ஃபோலிக் அமிலம்.

மெட்ஃபார்மினுக்கு வருவோம். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு அரிது, மெட்ஃபார்மின் இல்லாத மருந்துப்பையும் அரிது. பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில், கால்சியம் துணையோடு உள்ளே போகிறது. மெட்ஃபார்மின் அந்த வழியைக் கெடுக்கிறது. அளவு கூடக் கூட, வருஷம் ஏற ஏற, குறைவும் ஏறும். நாளுக்கு 2 கிராம் என்ற கணக்கில் நாலைந்து வருஷம் தாண்டியவர் பி12 பார்க்காமல் இருக்கக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரையையும் வருஷக்கணக்கில் போடுகிறவர் என்றால் இரட்டை அடி: உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டுமே. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து; கூடவே பி12 கொடுத்தால் முடிந்தது.

ஒரு பழி மட்டும் நீங்க வேண்டும். "புரட்டாசி பூரா சைவம் இருந்ததால ரத்தம் இறங்கிட்டுது" என்கிறார்கள். இல்லை. ஈரலில் 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 சேமிப்பு இருக்கும். ஒரு நாளைத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். உள்ளே எதுவுமே போகாவிட்டாலும் தீர மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். ஒரு மாத விரதமோ பத்து நாள் காவடி விரதமோ அதை அசைக்காது. அசைப்பது பால், தயிர், முட்டைகூட இல்லாத நிரந்தரச் சைவமும், உறிஞ்சாத குடலும், மருந்துகளும். ஃபோலேட் சேமிப்புதான் சிறியது, மூன்று நாலு மாதத்தில் காலியாகும். கேன் ஸ்பிரிட் (கரும்புச் சாராயம்) தினமும் உள்ளே போகிற மாமாவுக்கு அது இன்னும் சீக்கிரம் காலி.

அறிகுறிகளில் களைப்பும் மூச்சிரைப்பும் எல்லாச் சோகைக்கும் பொது. பி12க்கென்று தனியாகச் சில உண்டு. நாக்கு வழுவழுவென்று சிவந்து, கறியில் வழக்கமான மிளகாயே எரியும். முகத்தில் லேசான எலுமிச்சை மஞ்சள். மஜ்ஜைக்குள்ளேயே அணுக்கள் உடைவதால் வருவது, காமாலை என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். விரல் மூட்டுகளின் மேல் தோல் கறுப்பது நம் நிறத்தவரிடம் அடிக்கடி தெரியும். அதை வெயிலின் மேல் போட்டுவிடுகிறோம். பாதத்தில் ஊசி குத்துவது போல, பஞ்சில் நடப்பது போல. முகம் கழுவ கண்ணை மூடும்போது தள்ளாட்டம். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தியை முதுகுத்தண்டு கொண்டுபோகத் தவறுவதால், கண் மூடியதும் உடம்பு வழி தெரியாமல் ஆடுகிறது. கால் மரத்தது என்றால் சர்க்கரைதான் என்று இங்கே எல்லாரும் முடித்துவிடுகிறோம். சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். இரண்டாவதைத் திருப்பலாம், சீக்கிரம் பிடித்தால். ஆறு மாதம், ஒரு வருஷம் கடந்தால் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

சோதனைத் தாளை எப்படிப் படிப்பது? ஒரு மாதிரித் தாளை வைத்துப் பார்ப்போம். 62 வயதுப் பெண், சைவம், மெட்ஃபார்மின். ஹீமோகுளோபின் 10.4 கிராம். பெண்ணுக்கு 12க்குக் கீழ், ஆணுக்கு 13க்குக் கீழ், கர்ப்பத்தின் முதல், கடைசி மும்மாதங்களில் 11க்குக் கீழ் என்றால் சோகை. ஆக இவருக்குச் சோகை உண்டு. அடுத்த வரி எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு: 91. வழக்கம் 80 முதல் 100 வரை. "அளவு நார்மல், பரவாயில்லை" என்று இங்கேயே தாளை மடித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி கீழே போங்கள். ஆர்.டி.டபிள்யூ. 18.6, 15க்குள் இருக்க வேண்டியது. அணுக்கள் ஒரே அளவில் இல்லை, சிறியதும் பெரியதும் கலந்து கிடக்கின்றன என்று பொருள். இரும்பும் குறைவு, பி12ம் குறைவு; ஒன்று சுருக்க, மற்றது பெருக்க, சராசரி நடுவில் நிற்கிறது. சைவ சர்க்கரை நோயாளியிடம் எதிர்பார்க்க வேண்டிய தாள் இதுதான். ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பின் அளவு) பி12ம் எழுதிக் கேட்டுப் பார்த்தால் இரண்டும் தாழ்ந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்த குறிப்பு இருந்தால், ஐந்து ஆறு மடலாகப் பிரிந்த கருவுடைய வெள்ளையணுக்கள் என்ற வரியைத் தேடுங்கள். அது பி12 அல்லது ஃபோலேட் குறைவின் கைரேகை.

அணுக்கள் ரொம்பச் சிறுத்து (எம்.சி.வி. 65 அளவில்), சிவப்பணு எண்ணிக்கை மட்டும் அதிகமாக இருந்தால் அது பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம், நம் வம்சங்களில் உண்டு. அதற்கு இரும்பும் வேண்டாம், வைட்டமினும் வேண்டாம், தனிச் சோதனை வேண்டும். ஐம்பது தாண்டிய ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால், சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். அணு பெருத்திருந்தும் பி12, ஃபோலேட் சரியாக இருந்தால் மது, தைராய்டு, ஈரல், எச்.ஐ.வி.க்கான சிடோவுடின் போன்ற மருந்துகள் என்று தேட வேண்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவருக்குக் கூடவே ஃபோலிக் அமிலம் எழுதுவது, அந்த மருந்து ஃபோலேட்டின் வேலையைத் தடுப்பதால். அது வாரம் ஒரு முறை போடும் மாத்திரை, தினமும் இல்லை. தினமும் போட்டவர்களின் ரத்தம் அடியோடு விழுந்ததுண்டு.

பி12 எண்ணைப் படிப்பதில் ஒரு குழி இருக்கிறது. இங்குள்ள ஆய்வகங்கள் பிகோமோல் கணக்கில் தருகின்றன. சென்னையிலோ மதுரையிலோ உறவினர் எடுத்த தாளில் பிகோகிராம். "அத்தைக்கு 250, எனக்கும் 250" என்று ஆறுதல்பட்டால் கணக்கு தப்பு. இங்கத்திய எண்ணை 1.355ஆல் பெருக்கினால் அங்கத்திய எண். இங்கே 250 என்றால் அங்கே சுமார் 339. அங்கே 250 என்றால் இங்கே 184. இங்கே 150க்குக் கீழ் என்றால் குறைவு என்பது பெரும்பாலும் உறுதி. 150க்கும் 250க்கும் இடையே சந்தேக வட்டம். அந்த இடத்தில் கால் மரப்போ நாக்கு எரிச்சலோ இருந்தால் எண்ணை நம்பாமல் ஆளை நம்பி மருந்து தொடங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து. ஊசி போட்டுவிட்டுப் பி12 பார்ப்பது காசு கொடுத்து ஏமாறுவது. எண் வானத்தில் இருக்கும். ரத்தம் எடுத்த பிறகே முதல் ஊசி.

ஊசி மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். பார்த்ததும் "ரத்த ஊசி" என்று பேர் வைத்துவிட்டார்கள். ரத்தம் எதுவும் அதில் இல்லை; பி12க்கு நடுவில் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது, நிறம் அதிலிருந்து. 1000 மைக்ரோகிராம், சதையில். முதலில் நெருக்கமாகச் சில ஊசி, பிறகு வாரம், பிறகு மாதம் அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி கூடும். இடைவெளி மருந்து வகையையும் காரணத்தையும் பொறுத்தது. நரம்புக் கோளாறு இருந்தால் ஊசியில்தான் தொடங்க வேண்டும். மற்றபடி தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும், உறிஞ்சாத குடலுக்கும்கூட. நூறில் ஒரு பங்கு எந்தத் துணையும் இல்லாமல் தானே ஊடுருவிப் போய்விடும்: 1000இல் 10, தேவை 2.4. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிவைட்டமினில் பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான். பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கினால் இதில்தான் ஏமாறுவார்கள்.

சரியான மருந்து போனால் நாலைந்து நாளில் புது அணுக்கள் ரத்தத்தில் தலைகாட்டும், பசியும் தெம்பும் அந்த வாரமே திரும்பும். ஹீமோகுளோபின் பத்து நாளில் ஏறத் தொடங்கி எட்டு வாரத்தில் சரியாக வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் இரும்பைப் பாருங்கள்: மஜ்ஜை திடீரென்று வேகமெடுக்கும்போது இருந்த கொஞ்ச இரும்பும் தீர்ந்து, ஒளிந்திருந்த குறைவு வெளியே வரும். அதே வேகத்தில் பொட்டாசியமும் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் ஐந்து ஆறு என்று கிடக்கிறவருக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் முதல் வாரம் இருக்க வேண்டும். பைபையாக ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். மாதக்கணக்கில் மெல்ல இறங்கிய சோகையில் வயதான இதயம் ஏற்கெனவே நீரால் நிரம்பியிருக்கும், அவசரமாக ஏற்றினால் மூச்சு முட்டும்.

சாப்பாட்டில் பி12க்கு இந்த நாட்டின் எளிய வழி டின் மீன். தக்காளிக் குழம்பில் மிதக்கும் அந்த பில்சர்ட் டப்பா 100 கிராமில் எட்டு, பத்து மைக்ரோகிராம் தரும். கோழி ஈரல் அதைவிடக் கூடுதல். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை ஒதுக்க வேண்டும், வைட்டமின் ஏ அளவுக்கு மீறும். ஆட்டுக்கறி 100 கிராமில் இரண்டரை. முட்டை ஒன்று அரை. பால் ஒரு பெரிய டம்ளர் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். சுண்டக் காய்ச்சினால் ஒரு பங்கு போய்விடும். சைவத்தவர் நாளுக்கு இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரோ அமாசியோ (இந்நாட்டுப் புளித்த பால்) எடுத்தால் கணக்கு நெருங்கும், குடல் ஒழுங்காக உறிஞ்சினால். புளித்த மாவு, ஊறுகாய், ஸ்பைருலினா தூள் எதையும் நம்ப வேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பது பி12 சாயலில் உள்ள வேறு பொருள், உடம்புக்குப் பயன்படாது.

ஃபோலேட் கீரையிலும் பயறிலும் இருக்கிறது. கெடுவது நம் அடுப்பில். கீரையை நறுக்கிவிட்டுக் கழுவுவது, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது: இந்த இரண்டிலேயே பாதிக்கு மேல் போய்விடும். ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். மண் போக முழு இலையாக மூன்று முறை அலசி, பிறகு நறுக்கி, டோல் வெந்து கடையும் நேரத்தில் மேலே போட்டு மூடி நாலைந்து நிமிஷம். அந்தத் தண்ணீர் முழுக்கக் குழம்பிலேயே நிற்கும். முருங்கைக்கீரைக்கும் இதே கணக்கு. ஷுகர் பீன்ஸ், மசூர் டோல், கொண்டைக்கடலை வெந்தது 100 கிராமுக்கு சுமார் 170, 180 மைக்ரோகிராம். ஒரு நாளைத் தேவை 400. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டலாம், வேகவைத்ததைக் கொட்டாதீர்கள். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்குக் கீரை மட்டும் போதாது. தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும், முதுகுத்தண்டு நாலாவது வாரத்திலேயே மூடிவிடும். சர்க்கரை உள்ளவர், வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவர் சொல்லும் கூடுதல் அளவில். கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் நல்லது என்று யாராவது சொன்னால் விடுங்கள், அதில் ஃபோலேட் மிகக் குறைவு. பால் முட்டைகூடத் தொடாத தாய் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்போது, நாலைந்து மாதத்துக்குப் பிறகு குழந்தை சிரிப்பதையும் உருளுவதையும் நிறுத்தினால் பி12ஐ உடனே நினைக்க வேண்டும்.

வைட்டமின் சி தானாகச் சோகை வருவிப்பது அரிது. கீரை, பயறு இரும்பை உறிஞ்ச உதவுவதுதான் அதன் பெரிய வேலை. டோலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது வேண்டாம். சாப்பாட்டோடு ஒரு கொய்யா அதைவிட மேல். சாப்பிட்ட கையோடு பால் டீ குடிப்பது அந்த உதவியைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளுங்கள். பழக்கம் விடாவிட்டால் ரூயிபோஸ் என்ற இந்நாட்டு மூலிகை டீ குடியுங்கள், அதில் இரும்பைத் தடுக்கும் டானின் குறைவு.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் பி6ஐயும் நினைவில் வைக்க வேண்டும். ஐசோனியசிட் அந்த வைட்டமினைப் பறிக்கும். பி6 இல்லாமல் ஹீமோகுளோபின் கட்ட முடியாது, இரும்பு அணுவுக்குள் தேங்கிக் கிடக்கும், பாதமும் எரியும். பெரியவருக்கு வழக்கமாகத் தினம் 25 மில்லிகிராம் பி6 கூடவே எழுதுவார்கள். சின்ன மாத்திரைதானே என்று அதை விட்டுவிட்டுப் பெரிய மாத்திரையை மட்டும் விழுங்குகிறவர்களைப் பார்க்கிறோம்.

சர்க்கரை உள்ளவருக்கு இன்னொன்று. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ1சி. சோதனை, இரும்போ பி12ஓ குறைந்திருந்தால் நிஜத்தைவிட உயர்ந்து காட்டலாம். மருந்து தொடங்கி இளம் அணுக்கள் பெருகும்போது நிஜத்தைவிடத் தாழ்ந்து காட்டும். அந்த இரண்டு மூன்று மாதத்தில் அந்த எண்ணை வைத்துச் சர்க்கரை மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், விரல் நுனிச் சோதனையைப் பாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மாத்திரைப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நெஞ்செரிச்சல் மாத்திரை உட்பட. பி12 கடைசி ஊசி போட்ட தேதியைத் தாளில் எழுதி அதே பையில் வையுங்கள்; சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.